பழவேற்காட்டு மணல்மேடுகளுக்கு ஒரு நாள் நடை: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தோம். படங்களைப் பார்த்தவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். அடுத்த முறை பதினைந்து பேர். இப்போது மார்கழி பிறந்தாலே போன் வர ஆரம்பித்துவிடுகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்கா, சென்னைக்குப் பக்கத்துல மணல்மேடா? நெசமாவா?

நிஜம்தான். எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே போனால், ஒரு பக்கம் வங்கக்கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் பழவேற்காடு ஏரியும் என நடுவில் ஒரு குறுகலான மணல் நிலம் நீண்டு கிடக்கிறது. அதன் கடலோர விளிம்பில்தான் இந்த மேடுகள். காற்று தூக்கி வந்த மணலை அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து நிறுத்தி, வருடக்கணக்கில் சேர்த்து வளர்த்தவை.

பழைய தமிழில் இதற்கு ‘எக்கர்’ என்று பெயர். சங்கப் பாட்டில் நெய்தல் நிலம் வருகிற இடமெல்லாம் எக்கரும் அடும்பும் தாழையும் வரும். அந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கக் கூடிய இடம் நம் வீட்டிலிருந்து ஒரு ரயில், ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜஸ்தான் பாலைவனம் மாதிரி இருக்குமா?

இருக்காது. அந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாந்துபோவீர்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடு மாதிரியும் இருக்காது. இவை வெளிர்நிற மேடுகள். பெரும்பாலும் ஆள் உயரம், சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் சுற்றிலும் எல்லாமே தட்டை நிலம் என்பதால் அந்த உயரமே போதும். மேட்டு முகட்டில் நின்றால் கிழக்கே கடல், மேற்கே சவுக்கும் பனையும், அதற்கு அப்பால் பளபளக்கும் நீர்ப்பரப்பு. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே நம் ஊர்ப் புகைபோக்கிகள் பென்சில் மாதிரி தெரியும்.

எவ்வளவு தூரம் நடக்கணும்மா? எனக்கு 52 வயசு, முட்டி கொஞ்சம் வலிக்கும்.

போக 5 கிலோமீட்டர், வர 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் இறக்கம் பெரிதாகக் கிடையாது. ஆனால் தார் ரோட்டில் 10 கிலோமீட்டர் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. காய்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் புதையும். கெட்டித் தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அதனால்தான் இதைச் சுலபம் என்று நான் சொல்வதில்லை. கஷ்டமும் இல்லை, நடுத்தரம்.

முட்டி வலி உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அலை வந்து திரும்பிய ஈரமணலில் நடங்கள், அது சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும். ஆனால் கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரே முட்டியில் பாரம் விழும். சரிவு குறைவான இடமாகப் பார்த்து நடங்கள். போகும்போது இடது கால் தாழ்ந்திருந்தால் வரும்போது வலது கால் தாழ்ந்திருக்கும், அந்த அளவுக்குச் சரியாகிவிடும். கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரை சிரமமில்லாமல் நடக்க முடிந்தால் இதுவும் முடியும்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். ஒன்றரை மணி நேரம் நடந்தாயிற்றா, எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். வரும்போது வெயில் ஏறி, கால் சோர்ந்து, அதே தூரத்துக்கு இன்னும் அரை மணி கூடுதலாகப் பிடிக்கும்.

கார் இல்ல. ரயில், பஸ்லயே போயிட்டு வர முடியுமா?

நாங்கள் எப்போதும் அப்படித்தான் போகிறோம். கும்மிடிப்பூண்டி அல்லது சூலூர்பேட்டை போகும் மின்சார ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்குங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று உங்களுக்கு எது பக்கமோ அங்கே ஏறலாம். மீஞ்சூருக்கு அடுத்தது அனுப்பம்பட்டு, அதற்கடுத்து பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நாலைந்து பேராக இருந்தால் ஆட்டோ பேசியும் போகலாம்.

பழவேற்காடு ஊர் ஏரிக்கு மேற்கில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கடல் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். நடை அங்கேதான் தொடங்குகிறது. பாலத்தை ஆட்டோவில் கடக்காதீர்கள், நடந்தே கடங்கள். காலை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், படகு, கொக்கு என்று அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிடுவீர்கள். திரும்பும்போது கடைசி பஸ்ஸை நம்பி உட்காராதீர்கள். இறங்கும்போதே திரும்பும் பஸ்களின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் வரலாம்? மே லீவுல பசங்களோட வரலாம்னு பாக்குறோம்.

மே வேண்டவே வேண்டாம். கத்திரி வெயிலில் காய்ந்த மணல் காலைப் பொசுக்கும், ஒதுங்க நிழலும் இல்லை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள நாட்கள்தான் நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், ஏரியில் பூநாரையும் மற்ற வலசைப் பறவைகளும் இருக்கும். அக்டோபர், நவம்பரில் புயல் அறிவிப்பு இல்லாத நாளாகப் பார்த்துப் போக முடியும். ஆனால் அப்போது அலைகள் மேட்டின் அடிவாரம் வரை ஏறும், நடக்க இடம் குறுகிவிடும்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், அதிகமாக ஏறி அதிகமாக இறங்கும். நம் கடலில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். ஆனாலும் தட்டையான கரையில் அது பல அடி அகல ஈரமணலைக் கொடுக்கும், அல்லது பறித்துக்கொள்ளும். ஓதம் இறங்கிய நேரத்தில் நடப்பது போல நாளைத் தேர்ந்தெடுத்தால் பாதி சிரமம் குறைந்துவிடும். இணையத்தில் சென்னைத் துறைமுக ஓத நேரம் கிடைக்கும். இல்லையென்றால் காசிமேட்டில் தெரிந்த மீனவர் யாரிடமாவது கேளுங்கள், விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்? கொஞ்சம் லேட்டா வந்தா என்ன?

ஜனவரியில் சூரியன் 6.30 வாக்கில் உதிக்கும். 7 மணிக்கு மணலில் கால் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அப்படியென்றால் வீட்டிலிருந்து 4.30-க்குக் கிளம்ப வேண்டியிருக்கும். 10.30-க்குள் லைட்ஹவுஸ் குப்பம் திரும்பிவிடலாம்.

தாமதமானால் இரண்டு இழப்பு. ஒன்று வெயில். இன்னொன்று வெளிச்சம். மேட்டில் காற்று வரைந்த வரிகள், நண்டு ஓடிய தடம், பறவைக் கால்தடம் எல்லாம் சாய்ந்த வெயிலில்தான் நிழலோடு எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். 9 மணிக்குப் போய்ச் சேர்வதாக இருந்தால் நடையை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர் இது. நுழைவாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. பனையோலையில் கூடை முடையும் முஸ்லிம் பெண்களிடம் ஒரு கூடை வாங்கி வாருங்கள்.

லைட்ஹவுஸ் குப்பத்துல நின்னு எந்தப் பக்கம் திரும்பணும்?

தெற்கே. கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடங்கள். வழியில் கோரைக்குப்பம் போன்ற மீனவக் குப்பங்கள் வரும். இரண்டு குப்பங்களுக்கு இடைப்பட்ட ஆளரவமற்ற நீளங்களில்தான் மேடுகள் நன்றாக நிற்கின்றன.

வடக்கே போனால் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம். பார்க்க அழகான இடம்தான். ஆனால் அங்கே தண்ணீரின் இழுப்பு பலமாக இருக்கும், மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், நேற்று முழங்கால் ஆழமாக இருந்தது இன்று ஆளை மூழ்கடிக்கும். குழுவாகப் போகிறவர்களை நான் அந்தப் பக்கம் அழைத்துப் போவதில்லை.

ஷூவா, செருப்பா, வெறுங்காலா?

ஈரமணலில் வெறுங்கால், மேட்டுப் பக்கம் பழைய ஓட்டப் பயிற்சி ஷூ. சீமைக் கருவேல முள், நெருஞ்சி, உடைந்த கண்ணாடி எல்லாம் மேட்டுக்குப் பின்பக்கம்தான் கிடக்கும். ராவணன் மீசைப் புல்லின் நுனியும் ஊசி மாதிரி குத்தும். ஹவாய் செருப்பு வேண்டாம், மணலில் பின்னால் இழுத்து இழுத்து குதிகாலை நோகடிக்கும். சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணி, சாப்பாடு எவ்வளவு எடுத்துட்டு வரணும்?

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். அதிகம் என்று தோன்றும், ஆனால் மிச்சம் வைத்துத் திரும்பியவர்கள் எங்கள் குழுவில் குறைவு. கடற்காற்றில் வியர்ப்பது தெரியாது, அதுதான் ஆபத்து. ஒரு பாட்டிலில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்து கொண்டு வாருங்கள், அல்லது ஓஆர்எஸ் பொட்டலம். காலைச் சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போல நல்லது எதுவும் இல்லை. சட்னி வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். தொப்பியும் தலையில் கட்ட ஒரு பருத்தித் துண்டும் கட்டாயம்.

மதியச் சாப்பாட்டைப் பழவேற்காட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரி இறாலும் நண்டும் மடவையும் கிடைக்கும். நம் காசு அந்த ஊரில் கொஞ்சம் தங்கட்டும். கொண்டுபோன குப்பை எல்லாம் உங்கள் பையிலேயே வீடு திரும்ப வேண்டும், பொன்னேரி பஸ் நிலையத்தில் கூடப் போடாதீர்கள்.

அக்கா, கேக்க கூச்சமா இருக்கு. பாத்ரூம் வசதி இருக்கா?

கூச்சமே வேண்டாம், எல்லாப் பெண்களும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி இது. நடைப் பாதையில் இல்லை. பொன்னேரியில் ரயில் இறங்கியதும் ஒரு முறை, பழவேற்காடு ஊரில் சாப்பாட்டுக் கடை எதிலாவது கேட்டு ஒரு முறை, இரண்டையும் தவறவிடாதீர்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள், பாதி வழியில் மயங்கி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அப்படி இருந்தவர்கள்தான். மாதவிடாய் நாளாக இருந்தால் ஒரு மூடிய டப்பா, கொஞ்சம் காகிதம், கூடுதல் தண்ணீர். எங்கள் குழுவில் ஒரு மெல்லிய போர்வை எப்போதும் இருக்கும், இரண்டு பேர் பிடித்தால் மறைப்பு. பெண்கள் மட்டும் போகலாமா என்றும் சேர்த்தே கேட்கிறார்கள். நான்கு பேருக்குக் குறையாமல் போங்கள், பகலிலேயே திரும்புங்கள்.

அனுமதி வாங்கணுமா? படகுல ஏரியையும் ஒரு சுத்து சுத்தலாமா?

கடற்கரையில் நடக்க நாங்கள் அனுமதி வாங்கியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஏரி வேறு கதை. அது பறவைகள் சரணாலயம், வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது.

படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது குறைந்த விலைக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டாம். பறவைகளைப் பாலத்திலிருந்தும் கரையிலிருந்துமே நன்றாகப் பார்க்கலாம், ஒரு பைனாகுலர் போதும்.

குப்பத்து ஆளுங்க எதாவது சொல்வாங்களா? நாம வேத்தாளு ஆச்சே.

நாம் அவர்கள் வீட்டு வாசல் வழியாகப் போகிறோம், அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதலில் பார்க்கிற பெரியவரிடம் “அண்ணா, இப்படியே தெக்கால நடந்து போயிட்டு வரோம்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதுவரை எங்களை யாரும் தடுத்ததில்லை. ஒரு வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள்.

காய வைத்த வலையின் மேல் கால் படக் கூடாது, தாண்டவும் கூடாது. படகின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். மீன் ஏலம் போகும் இடத்தில் வழியை மறிக்காதீர்கள். பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுப்பது தப்பு. அதிகாலையில் குப்பத்தை ஒட்டிய கடற்கரையில் காலைக்கடனுக்கு ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள். அந்த நீளத்தை மட்டும் குப்பத்தின் உட்சாலை வழியாகக் கடந்துவிட்டு மறுபடி கரைக்கு வாருங்கள்.

மேட்டு மேல ஏறினாத்தானே வியூ? ஏறாதீங்கன்னு சொன்னா அப்புறம் எதுக்கு வரது?

ஏறாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கே ஏறுவது என்பதுதான் விஷயம். இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மேட்டின் கடல் முகத்தைப் பாருங்கள். அடும்பங்கொடி தரையோடு தரையாக ஓடியிருக்கும், ஊதாப் பூ பூத்திருக்கும். அதன் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கிறது. பறந்து வரும் மணல் கொடியில் தட்டி விழுகிறது, கொடி புதைகிறது, புதைந்த கொடி மேலே எழும்பி மறுபடி மணலைப் பிடிக்கிறது. மேடு வளர்வது இப்படித்தான். அந்தக் கொடியை பத்துப் பேர் வரிசையாக மிதித்து ஏறினால் ஒரு வெற்றுக் கோடு விழும். காற்று அந்தக் கோட்டிலேயே புகுந்து அறுக்கும், சில மாதத்தில் அது பள்ளமாகும், புயல் வரும் நாளில் கடல் அந்த வாயில் வழியாகத்தான் குப்பத்துக்குள் நுழையும். நமக்கு இது காட்சி, பின்னால் குடியிருப்பவர்களுக்கு இதுதான் சுவர். மழைநீரும் இந்த மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். கடலுக்குப் பக்கத்தில் ஊற்றுத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வருவது அதனால்தான். அரசின் கடலோர ஒழுங்குமுறை விதிகளிலும் மணல்மேடுகள் உச்சப் பாதுகாப்புப் பிரிவில்தான் இருக்கின்றன.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மீனவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் போய்வரும் ஒற்றையடிப் பாதைகள் மேட்டுக்குக் குறுக்கே ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வழியாக ஒருவர் பின் ஒருவராக ஏறுங்கள். முகட்டில் செடி இல்லாத இடத்தில் நில்லுங்கள். ஆசை தீரப் பாருங்கள், உட்கார்ந்து இட்லி சாப்பிடுங்கள். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். சறுக்கி விளையாடுவது, முகட்டிலேயே நீளமாக நடந்து போவது, பைக் ஏற்றுவது மூன்றும் கூடாது. நாங்கள் ஒரு நடைக்கு இரண்டு இடத்தில்தான் ஏறுகிறோம். அந்த இரண்டே நிறைய.

எங்க தாத்தா ராயபுரத்துலயும் பெரிய மணல் கரை இருந்துச்சுன்னு சொல்வாரு. அது எங்க போச்சு?

உங்கள் தாத்தா சொன்னது உண்மை. நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அந்த நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும், ஆனால் மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1875-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கடலுக்குள் நீளமாகக் கல்சுவர் கட்டினார்கள். வந்த மணல் சுவரின் தெற்கே தங்கியது, மெரினா அகலமாக வளர்ந்தது. வடக்கே ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் வர வேண்டிய மணல் வரவில்லை. அலை அரிப்பது மட்டும் நிற்கவில்லை. தெருக்கள் போயின, கருங்கல் கொட்டினார்கள். இன்று நம் பிள்ளைகளுக்குக் கடற்கரை என்றால் பாறாங்கல்தான்.

பின்னர் எண்ணூரில் 2001-இல் ஒரு துறைமுகம் இயங்கத் தொடங்கியது, காட்டுப்பள்ளியில் இன்னொன்று வந்தது. அவற்றுக்கு வடக்கே இருக்கும் கரைக்கும் இதே கணக்கு பொருந்தும். நான் ஆட்களை இவ்வளவு தூரம் கூட்டிப் போவது இதற்காகத்தான். நம் தெருமுனையில் இருந்தது எப்படி இருந்தது என்று பார்க்க இப்போது 50, 60 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது.

அப்போ எண்ணூர்லயே நடக்கலாமே, கிட்டக்கதானே இருக்கு?

நடந்து பார்த்திருக்கிறேன். அங்கே சில இடங்களில் காலுக்கடியில் இருப்பது மணல் அல்ல, அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அலையாத்திச் செடிகளெல்லாம் கறுத்து நின்றதை நம் ஆட்கள் எல்லோரும் பார்த்தோம். அங்கே போக வேண்டும், அந்த மக்களோடு பேச வேண்டும், ஆனால் அது வேறு பயணம்.

நடந்து முடிச்சதும் ஒரு குளியல் போடலாமா?

வேண்டாம். கணுக்கால் நனைய நின்றால் போதும். இந்தக் கரையில் உயிர்காப்பாளர் கிடையாது. அலை திரும்பும்போது இழுக்கும் இடங்கள் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. நீந்தத் தெரியும் என்று இறங்குகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம்.

கரையில செத்த ஆமை கிடந்துச்சு, பாப்பா அழுதுட்டா. என்ன பண்ணணும்?

அது பங்குனி ஆமையாக இருக்கும். ஜனவரியிலிருந்து பங்குனி வரை முட்டையிடக் கரை தேடி வரும். இழுவை வலையில் சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் இறந்துபோவது அதிகம். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இறந்ததைத் தொட வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

டிராக்டர் டயர் ஓடியது போல ஒரு தடம் கடலிலிருந்து மேட்டடிவரை ஏறித் திரும்பியிருந்தால், இரவில் ஆமை முட்டையிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தோண்டாதீர்கள், மிதிக்காதீர்கள், படத்தை இடத்தோடு சேர்த்து வெளியிடாதீர்கள். வனத்துறைக்கு மட்டும் சொல்லுங்கள். பாப்பாவுக்கு அந்தத் தடத்தைக் காட்டுங்கள், செத்த ஆமையை விட அது அவள் மனசில் நிற்கட்டும்.

ராக்கெட் விடுற அன்னைக்குப் போனா ரெண்டையும் பாத்துடலாம்ல? ட்ரோன் கொண்டு வரலாமா?

ஸ்ரீஹரிகோட்டா ஏரிக்கு அந்தப் பக்கம்தான். ஏவுதல் நாளில் பழவேற்காட்டு மீனவர்களையே கடலுக்குள் விடுவதில்லை, போலீஸ் கெடுபிடியும் இருக்கும். அன்று நடைக்குத் திட்டம் போடாதீர்கள். ராக்கெட் பார்ப்பது உங்கள் மொட்டை மாடியிலிருந்தும் முடியும்.

ட்ரோன் கொண்டுவர வேண்டாம். ஏவுதளமும் துறைமுகங்களும் இருக்கும் கரை, கேள்வி வரும். பூநாரைக் கூட்டமும் அந்தச் சத்தத்துக்கு மொத்தமாக எழும்பிவிடும். இரை தேடும் நேரத்தில் ஒவ்வொரு முறை எழும்புவதும் அவற்றுக்கு வீண் செலவு.

எட்டு வயசுப் பையனைக் கூட்டிட்டு வரலாமா?

வரலாம், பாதி தூரம். முக்கால் மணி நேரம் தெற்கே போய் முதல் நல்ல மேட்டில் ஏறி, சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பிள்ளைகளுக்குத் தூரம் முக்கியமில்லை. வளைக்குள் மறையும் வெளிறிய நண்டு, காற்றில் உருண்டு ஓடும் ராவணன் மீசைப் பந்து, இவைதான் அவர்கள் நாள். அந்தப் பந்து விதையைச் சுமந்து போகிறது, அதனால் துரத்தலாம், வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம்.

போன வருஷம் ஏறின பாதையே இந்தத் தடவை காணோம்க்கா. வேற இடத்துக்குப் போயிட்டோமா?

சரியான இடத்துக்குத்தான் போயிருப்பீர்கள். மழைக்காலத்தில் பெரிய அலைகள் மேட்டின் முகத்தைக் கடித்து மணலைக் கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். கோடையில் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பித் தரும், காற்று மேலே ஏற்றும், கொடி பிடிக்கும். 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நாங்கள் போனபோது ஒரு மேடு கத்தியால் வெட்டிய மாதிரி செங்குத்தாக நின்றது, வேர்கள் வெளியே தொங்கின. எல்லா இடத்திலும் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. மணல் வரத்து குறைந்த இடத்தில் கடித்தது கடித்ததுதான்.

அப்படி வெட்டுப்பட்ட முகத்தில் ஏறவே ஏறாதீர்கள், அதன் அடியிலும் உட்காராதீர்கள், திடீரென்று சரியும். குப்பத்தில் கேட்டால் இந்த வருடம் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறார்கள் என்று காட்டுவார்கள். அதுதான் உங்கள் புதிய பாதை. நான் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே பனைமரத்தடியில் நின்று தண்ணீர் வரை எத்தனை அடி என்று எட்டு வைத்து எண்ணிக் குறித்து வருகிறேன். நீங்களும் ஒரு மரத்தை வைத்துக்கொண்டு எண்ணினால், தேதியோடு எனக்கு அனுப்புங்கள்.